60,000 ரூபாய்க்குள் கேமிங் கம்ப்யூட்டர்: இரண்டு எஸ்டிமேட்டில் எதை எடுப்பது? (2025 தொடக்கத்தில் நடந்த உரையாடல், விலைகள் அன்றையவை)

தென்பெண்ணைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் கடலூரில், தென்பெண்ணை ஆற்றுக்கு அருகே குடியிருக்கிறேன். கடந்த 2024 நவம்பர் 30 ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தபின் ஆற்றில் வந்த வெள்ளம் எங்கள் வீட்டுக் கூடத்தில் முழங்கால் அளவுக்கு நின்றது. மேசைமேல் இருந்த மானிட்டர் பிழைத்தது. மேசைக்கு அடியில் தரையில் வைத்திருந்த சிபியு பிழைக்கவில்லை. பொங்கல் கழிந்து சீட்டு எடுத்ததில் 60,000 ரூபாய் கையில் இருக்கிறது. அதற்குமேல் ஒரு ரூபாயும் புரட்ட இயலாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கல்லூரியில் படிக்கும் தம்பிக்கு வாலரன்ட், ஜிடிஏ 5 ஆகிய விளையாட்டுகள் தடங்கலின்றி ஓட வேண்டும். ஷிப்ட் முடிந்து வரும் எனக்கு, இரவில் ஒரு மணி நேரம் சற்றுப் புதிய விளையாட்டுகளில் ஒன்றிரண்டை ஆடிப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை இல்லை.

இரண்டு கடைகளில் எஸ்டிமேட் வாங்கியிருக்கிறேன். கடலூரில் ஒரு கடைக்காரர் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தது இது: ஐ7 3770 பிராசஸர், எச்61 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்3 ராம், 4 ஜிபி ஜிடி 730 கிராபிக்ஸ் கார்டு, 500 ஜிபி எஸ்எஸ்டி, கலர் விளக்கு எரியும் கேபினெட், அதனோடு சேர்ந்த எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி), மொத்தம் 31,000 ரூபாய். புதுச்சேரியில் ஒரு கடையில் கொடுத்தது இது: ஐ5 12400எஃப், எச்610 போர்டு, ஒரே ஸ்டிக்காக 32 ஜிபி ராம், 500 ஜிபி எஸ்எஸ்டி, 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1650, லிக்விட் கூலர், கண்ணாடிக் கேபினெட், எஸ்எம்பிஎஸ் இலவசம், மொத்தம் 59,500 ரூபாய்.

ஐ7 என்பது ஐ5-ஐவிடப் பெரியது என்றும், இரண்டிலும் கிராபிக்ஸ் 4 ஜிபிதான் என்றும், ஆகவே முதலாவதை எடுத்துக்கொண்டு மிச்சப் பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளலாம் என்றும் உடன் வேலை செய்யும் நண்பர் சொல்கிறார். எதை வாங்கினாலும் புதுச்சேரியில் வாங்கினால் வரி குறைவு என்பதும் அவர் சொன்னதுதான். இரண்டு கூற்றுகளும் சரிதானா என்று தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

லாஸ்பேட்டைவாசி எழுதியது:

முதலில் வரியைப் பேசி முடித்துவிடுவோம். 2017 ஜூலை 1 ஆம் தேதிக்கு முன்பு தமிழகமும் புதுச்சேரியும் தத்தம் வரியை வசூலித்த காலத்தில் பிறந்த பேச்சு அது. ஜிஎஸ்டி வந்தபிறகு கம்ப்யூட்டர் பாகங்களுக்கு இரண்டு ஊர்களிலும் 18 விழுக்காடுதான். பில் இல்லாமல் தருகிறேன் என்று எவரேனும் விலையைக் குறைத்துச் சொன்னால் அங்கே குறைவது வரி மட்டுமன்று, உங்கள் வாரண்டியும்தான். ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் பில்லில் ஏறியிருக்க வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

இனி ஐ7. அந்தப் பெயரைப் பார்த்து ஏமாறுபவர்களை நான் மாதத்துக்கு ஒருவராவது சந்திக்கிறேன். ஐ7 என்பதற்குப் பின்னால் வரும் 3770 இல் முதலில் நிற்கும் 3 தான் அது மூன்றாம் தலைமுறைப் பிராசஸர் என்பதைச் சொல்கிறது. அது 2012 இல் வந்தது. அதில் 4 கோர்கள், அதாவது கணக்கிடும் அலகுகள். நீங்கள் இரண்டாவது எஸ்டிமேட்டில் காட்டிய ஐ5 12400எஃப் 2022 இல் வந்தது, அதில் 6 கோர்கள், ஒவ்வொரு கோரும் பழையதைவிட வெகு வேகமானது. இன்டெல் பிராசஸர்களில் எட்டாம் தலைமுறை தொடங்கித்தான் விண்டோஸ் 11 முறைப்படி ஏறும், விண்டோஸ் 10 க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14 உடன் முடிகிறது. அந்த 31,000 ரூபாய் மலிவு என்று நினைத்து வாங்கினால், அடுத்த ஆண்டே போர்டு, ராம், பிராசஸர் மூன்றையும் ஒருசேர எறிய வேண்டியிருக்கும், ஏனெனில் டிடிஆர்3 ராமை எந்தப் புதிய போர்டிலும் செருக முடியாது.

4 ஜிபி கணக்கு அதைவிட மோசமானது. 4 ஜிபி என்பது தொட்டியின் கொள்ளளவு மட்டுமே. விளையாட்டின் வேகம், அந்தத் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயின் அகலத்தையும் கார்டின் கணக்கிடும் திறனையும் பொறுத்தது. ஜிடி 730 என்பது 2014 இல் வந்த கார்டு. அதன் 64 பிட் டிடிஆர்3 வகையில் விநாடிக்கு 14.4 ஜிபி தரவுதான் பாயும். நான் கீழே சொல்லப்போகும் ஆர்எக்ஸ் 6600 கார்டில் அதே ஒரு விநாடிக்கு 224 ஜிபி பாயும். அலுவலகத்தில் இரண்டு மானிட்டர் மாட்டுவதற்கு ஜிடி 730 போதும், உங்கள் தம்பிக்குப் போதாது.

இரண்டாவது எஸ்டிமேட்டில் பிராசஸர் நல்லது, அதில் குறையில்லை. ஆனால் பணம் போயிருக்கும் இடங்களைப் பாருங்கள். அந்தப் பிராசஸரின் பெட்டிக்குள்ளேயே அதற்குப் போதுமான ஃபேன் வந்துவிடுகிறது, அப்படியிருக்க லிக்விட் கூலர் எதற்கு? ராம் 32 ஜிபி ஒரே ஸ்டிக்காக இருந்தால் நினைவகத்தின் இரண்டு பாதைகளில் ஒன்று சும்மா கிடக்கும்; 8 ஜிபி ஸ்டிக் இரண்டு போட்டால் இரண்டு பாதைகளும் வேலை செய்யும், உங்கள் தேவைக்கு 16 ஜிபி போதும். விளக்கும் கண்ணாடியும் கூலரும் தின்ற மிச்சத்தில் 2019 இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650 ஐப் போட்டிருக்கிறார்கள். கல்யாணத்தில் பந்தலுக்குச் செலவழித்துவிட்டுப் பந்தியில் கைவைத்த கதை இது. கேமிங் கம்ப்யூட்டரில் மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கிராபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்கிவிட்டுத்தான் மற்றவற்றைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து.

சென்ற வாரம் வேறொரு நண்பருக்காக நான் விசாரித்த விலைகளை வைத்துச் சொல்கிறேன். கார்டு, 8 ஜிபி ஆர்எக்ஸ் 6600, 20,500 ரூபாய். பிராசஸர், ஏஎம்டி ரைசன் 5 5600, 10,800 ரூபாய். இதிலும் 6 கோர்கள்தான், ஃபேன் பெட்டியிலேயே வரும், போர்டு மலிவாகக் கிடைப்பதால் 12400எஃப்-க்குப் பதிலாக இதைச் சொல்கிறேன். 8 ஜிபி வீதம் இரண்டு டிடிஆர்4 3200 ராம் 3,200 ரூபாய். 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி 3,200 ரூபாய், அதுவே 1 டிபி என்றால் 5,200 ரூபாய். தரமான 550 வாட் எஸ்எம்பிஎஸ் 4,300 ரூபாய். முன்பக்கம் வலையிட்ட கேபினெட் 3,000 ரூபாய். கண்ணாடி முகப்பில் காற்று புகாது என்பதால் நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு வலைதான் ஏற்றது.

போர்டில் மட்டும் ஒரு தேர்வு இருக்கிறது. பி550 போர்டு 8,900 ரூபாய், பி450 போர்டு 5,900 ரூபாய். ஆர்எக்ஸ் 6600 கார்டு, போர்டோடு தன்னை இணைக்கும் பிசிஐஇ 4.0 பாதையின் 8 தடங்களைப் பயன்படுத்துவது. பி450 போர்டில் அதற்கு முந்தைய 3.0 தான் உண்டு என்பதால் அந்த 8 தடங்களும் பாதி வேகத்தில் இயங்கும். கேட்கும்போது பெரிய இழப்பாகத் தோன்றும், ஆனால் இந்தக் கார்டில் 8 ஜிபி நினைவகம் இருப்பதால் பெரும்பாலான விளையாட்டுகளில் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. எனவே பி450 போதும். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: பழைய இருப்பில் கிடந்த பி450 போர்டு, அதனுள் இருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸைப் புதுப்பிக்காமல் 5600 ஐ அடையாளம் காணாது. பெட்டியின்மேல் ரைசன் 5000 க்குத் தயார் என்ற ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், இல்லையேல் கடையிலேயே பயாஸைப் புதுப்பித்துத் தரச் சொல்லுங்கள்.

500 ஜிபி எஸ்எஸ்டியோடு மொத்தம் 50,900 ரூபாய் ஆகிறது. மிச்சத்தில் 8,000 ரூபாய்க்கு 1920க்கு 1080 பிக்சல் மானிட்டர் ஒன்றை வாங்கிவிட்டால் 58,900 ரூபாயில் கணக்கு முடிந்துவிடும்.

அரியாங்குப்பத்தார் எழுதியது:

லாஸ்பேட்டை நண்பர் சொன்னவற்றில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 20,500 ரூபாய் என்றதும் பழைய கார்டு வாங்கலாமா என்ற எண்ணம் உங்களுக்கும் வரும் என்பதால், அதில் கையைச் சுட்டுக்கொண்டவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

பழைய பொருள் விற்கும் இணையதளம் ஒன்றில் பார்த்து, 8 ஜிபி கார்டு ஒன்றை 7,000 ரூபாய்க்கு வாங்கினேன். விற்றவர் வீட்டிலேயே பத்து நிமிடம் ஓட்டிக் காட்டினார், நன்றாகவே ஓடியது. என் வீட்டில் அரை மணி நேரம் விளையாடியதும் திரையில் பச்சைக் கட்டங்கள் தோன்றி மெஷின் நின்றது. கழற்றிப் பார்த்தபோதுதான் எத்தனை அடையாளங்களைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன் என்பது தெரிந்தது. நினைவகச் சில்லுகளின்மேல் வெப்பத்தைக் கடத்த ஒட்டியிருந்த தெர்மல் பேடிலிருந்து எண்ணெய் கசிந்து பலகை முழுவதும் பிசுபிசுத்தது. கேபினெட்டின் பின்புறம் திருகும் தகரத்தில் துரு பொரிந்திருந்தது. ஸ்க்ரூக்களின் தலைகளில், முன்பே பலமுறை கழற்றிய வடு இருந்தது. கிரிப்டோ நாணயம் ஈட்டும் கணக்கீடான மைனிங்கில் மாதக்கணக்கில் இரவு பகலாக ஓடி, பிறகு கடற்காற்றில் கிடந்த கார்டு அது என்பது என் ஊகம். விற்றவர் அதன்பின் தொலைபேசியை எடுக்கவே இல்லை.

பழையது வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பில்லும் மீதி வாரண்டியும் இருந்து, கார்டை உங்கள் கண்முன்னே அரை மணி நேரத்துக்குக் குறையாமல் முழுச் சுமையில் ஓட்டிக் காட்டினால் மட்டுமே வாங்குங்கள். சீட்டுப் பணம் என்கிறீர்கள், ஆகவே புதியதே நல்லது.

முதுநகர் மின்பணியாளர் எழுதியது:

தம்பி, நான் விளையாடுபவன் அல்லன், கடலூர் முதுநகரில் வீட்டு வயரிங் வேலை செய்பவன். என் மகனுக்காக இந்தப் பக்கங்களைப் படிப்பதுண்டு. மேலே சொன்ன பட்டியலில் ஒரு பாகம் விடுபட்டிருக்கிறது. கடலூரில் இருந்துகொண்டு யுபிஎஸ் இல்லாமல் ஐம்பதாயிரம் ரூபாய்ப் பொருளைப் பிளக்கில் செருகுவதை நான் ஒப்ப மாட்டேன்.

இலவசமாகக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். என் மகனுடைய பழைய கேபினெட்டோடு வந்ததில் 450 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. பக்கவாட்டில் ஒட்டியிருந்த அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு நேரே 14 ஆம்பியர் என்று இருந்தது. பெருக்கிப் பாருங்கள், 168 வாட். கிராபிக்ஸ் கார்டும் பிராசஸரும் மின்சாரம் எடுப்பது இந்த 12 வோல்ட்டிலிருந்துதான், மற்றவை சில்லறை. நேர்மையான 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த இடத்தில் 45 ஆம்பியர் அளவில் இருக்கும். 80 பிளஸ் முத்திரை இருந்தால் நல்லது, ஆனால் அந்த முத்திரை மின்சாரம் வீணாகாத அளவைச் சொல்வதே தவிர, மின்னழுத்தம் எகிறும்போது பொருளைக் காப்பாற்றும் என்பதற்கு உறுதி அளிப்பதன்று. பெட்டியில் மின்னழுத்த மிகைக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும் தனித்தனிப் பாதுகாப்பு குறிப்பிட்டிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

ஆர்எக்ஸ் 6600 க்கு 132 வாட், 5600 க்கு முழுச் சுமையில் 76 வாட், மற்றவற்றுக்கு 40 என்று வைத்தால் சுமார் 250 வாட் ஆகிறது; எஸ்எம்பிஎஸ்ஸில் வீணாவதையும் சேர்த்தால் சுவரிலிருந்து 300 வாட் வரை இழுக்கலாம். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் 600 விஏ யுபிஎஸ் தாங்குவது 360 வாட்தான், அதில் மானிட்டரும் சேர்ந்தால் இழுத்துப் பிடித்த மாதிரி இருக்கும். 1000 விஏ என்றால் 600 வாட், அதுவே சரி. மலிவான யுபிஎஸ்கள் தரும், சீராக வளையாமல் படிக்கட்டாக ஏறி இறங்கும் மின்சார அலை சில நல்ல எஸ்எம்பிஎஸ்களுக்கு ஒத்துக்கொள்ளாமல், மின்சாரம் போகும் நொடியில் மெஷின் அணைந்துவிடுவதுண்டு. எனவே கடையில் இரண்டையும் சேர்த்து மாட்டி, பிளக்கைப் பிடுங்கிக் காட்டச் சொல்லுங்கள்.

எர்த் இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளம் புகுந்த வீடு என்கிறீர்கள், சுவரின் கீழ்மட்டத்தில் இருந்த பிளக்குகளைக் கழற்றிப் பார்க்காமல் எதையும் மாட்டாதீர்கள். சிபியு தரையில் வேண்டாம், மேசைமேலேயே இருக்கட்டும்.

கரண்ட் பில் பற்றியும் வீட்டில் கேட்பார்கள். நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் விளையாடினால் இரண்டு மாதத்துக்கு 45 முதல் 55 யூனிட் கூடும். உங்கள் வீட்டு அளவு 500 யூனிட்டுக்குள் நின்றால் பெரிய பாரமில்லை. 500 ஐத் தாண்டினால் முதலில் வரும் யூனிட்டுகளுக்கும் கட்டணம் கூடிவிடும் என்பதால், ஏசி ஓடும் மாதங்களில் கவனம் தேவை.

தென்பெண்ணைக்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நண்பரிடம் 14.4 க்கும் 224 க்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டினேன். அவர் உடனே, சென்னையில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனால் இன்னும் மலிவாகக் கிடைக்கும் என்று அடுத்த ஆலோசனைக்குத் தாவிவிட்டார். சென்னை போய்வரும் செலவும், பழுதானால் மீண்டும் அலையும் அலைச்சலும் கருதிப் புதுச்சேரியிலேயே வாங்குவதாக இருக்கிறேன்.

மின்பணியாளர் ஐயா சொன்னபடி யுபிஎஸ்ஸை முதலில் வாங்கிவிட்டு, மானிட்டரைச் சித்திரைக்குத் தள்ளிவைக்கலாமா என்று யோசிக்கிறேன். பிழைத்த மானிட்டர் 18.5 அங்குலம், 1366க்கு 768 பிக்சல். இன்னொரு யோசனையும் தம்பி சொல்கிறான்: கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும் 5600ஜி பிராசஸரை இப்போது வாங்கிக்கொண்டு, கார்டைத் தீபாவளிக்கு வாங்கினால் என்ன?

லாஸ்பேட்டைவாசி எழுதியது:

5600ஜி வேண்டாம். பெயரில் ஓர் எழுத்துதான் கூடுதல், ஆனால் உள்ளே கேஷ் நினைவகம் 32 எம்பிக்குப் பதிலாக 16 எம்பிதான், கார்டு போட்டு விளையாடும்போது அது பின்தங்கும். கார்டே வாங்கப்போவதில்லை என்பவர்களுக்கு அது நல்ல பிராசஸர். உங்களிடம் கார்டுக்குப் பணம் இருக்கிறது.

மானிட்டரா யுபிஎஸ்ஸா என்பதில் ஐயா சொல்வதே சரி, நான் புதுச்சேரியில் இருந்துகொண்டு யோசித்ததால் யுபிஎஸ்ஸை விட்டுவிட்டேன். 768 திரையில் ஆர்எக்ஸ் 6600 பாதி வேலைதான் செய்யும், அதனால் கெட்டுப்போவது ஒன்றுமில்லை. மீதமுள்ள பணத்தில் எஸ்எஸ்டியை 1 டிபி ஆக்கிக்கொள்ளுங்கள். ஜிடிஏ 5 மட்டுமே 100 ஜிபிக்குமேல் இடத்தை அடைத்துக்கொள்ளும்.

தென்பெண்ணைக்கரை எழுதியது:

நேற்று எல்லாவற்றையும் வாங்கிவிட்டோம். பட்டியலில் எதையும் மாற்றவில்லை. 1 டிபி எஸ்எஸ்டி, 5,400 ரூபாய்க்கு 1000 விஏ யுபிஎஸ் உட்பட 58,300 ரூபாய் ஆனது. பிளக்கைப் பிடுங்கிக் காட்டச் சொன்னபோது கடைக்காரர் முகம் சுளித்தாலும் செய்து காட்டினார், மெஷின் அணையவில்லை. அங்கே அவர்களுடைய மானிட்டரில் படமும் நன்றாகத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து மாட்டினால் ஃபேன்கள் சுழல்கின்றன, திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. பேருந்தில் வந்த குலுக்கலில் ராம் கழன்றிருக்குமோ என்று இரண்டு ஸ்டிக்குகளையும் எடுத்து, ரப்பரால் துடைத்து, பிராசஸரிலிருந்து எண்ணினால் வரும் இரண்டாவது, நான்காவது இடங்களிலேயே மீண்டும் செருகினேன். பயனில்லை. தம்பி இரவு சாப்பிடவே இல்லை.

அரியாங்குப்பத்தார் எழுதியது:

மானிட்டர் கேபிள் எந்த வகை, அதைப் பின்பக்கம் எங்கே செருகியிருக்கிறீர்கள்? மேலே போர்டிலா, கீழே கார்டிலா?

தென்பெண்ணைக்கரை எழுதியது:

பழைய மானிட்டரில் நீல நிற விஜிஏ கேபிள் மட்டுமே இருக்கிறது. பழைய சிபியுவில் செருகிய பழக்கத்தில் போர்டில் இருந்த நீல ஓட்டையில் செருகிவிட்டேன். 5600 பிராசஸருக்குள் கிராபிக்ஸ் கிடையாது, ஆகவே போர்டில் ஓட்டை இருந்தாலும் அதன் வழியே படம் வராது என்பது உங்கள் கேள்வியைப் படித்தபிறகுதான் உறைத்தது. கார்டிலோ விஜிஏ இல்லை, எச்டிஎம்ஐயும் டிஸ்ப்ளே போர்ட்டும்தான் இருக்கின்றன. காலையில் திருப்பாதிரிப்புலியூரில் 350 ரூபாய்க்கு எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் கன்வர்ட்டர் ஒன்று வாங்கி வந்து கார்டில் மாட்டியதும் படம் வந்துவிட்டது. ராம் 2666 என்று காட்டியது. பயாஸில், ராமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பியை இயக்கியபின் 3200 ஆனது. தம்பி இப்போது அதன்முன்தான் உட்கார்ந்திருக்கிறான், எனக்கு முறை வர இரவு பத்து மணி ஆகும்போலிருக்கிறது.